ஹெரால்டுக்கு ஒரு ரேடியோ

"மாஸ்டர், எந்த ரேடியோவை வைக்கிறது?"

சென்னியப்பன் கேட்டார். இதே கேள்வியைப் போன வாரமும் கேட்டிருந்தார். அதற்கு முந்தின வாரமும்.

மெகருன்னிசா மாஸ்டர் ஒரு சக்கரத்தின் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். கையில் பிடித்த போல்ட்டை முடிக்காமல் அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

சென்னியப்பன் காத்திருந்தார்.

உக்கடத்தில் இருந்தது அந்தப் பட்டறை. பழைய கார்களைப் பிரித்துப் போட்டு, துரு நீக்கி, மறுபடியும் ஓட வைக்கிற இடம். மாஸ்டருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சென்னியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. பம்புசெட் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கொட்டகையில் கிடந்த தன் ஹெரால்டு காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

"நீங்க செஞ்சு தர வேண்டாமுங்க. நானே செய்யணும். கத்துக் குடுங்க" என்று கேட்டார்.

மாஸ்டர் அன்றைக்கு ஒரு உப்புத்தாளைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். சென்னியப்பன் சீடரானார்.

இப்போது வண்டி முடிந்துவிட்டது. இளநீல வண்ணம் வெயிலில் பளபளத்தது. இன்ஜின் சாவியைத் திருப்பினதும் பிடித்தது. டேஷ்போர்டின் நடுவில் ரேடியோவுக்கான செவ்வக ஓட்டை மட்டும் காலியாக இருந்தது.

போல்ட் முடிந்தது. மாஸ்டர் நிமிர்ந்தார்.

"சொல்லுங்கண்ணா."

மேஜைமேல் மூன்று ரேடியோக்கள் இருந்தன. சென்னியப்பன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இது வண்டியோட வந்த பழசு. ரிப்பேர் பாத்தாச்சு. ஆனா மீடியம் வேவ் மட்டும்தான் எடுக்கும். இது பாக்கறதுக்குப் பழசு, உள்ள பூராப் புதுசு. போன்ல இருக்கற பாட்டையும் பாடும். இது பெரிய திரை. ஆனா டேஷ்போர்டை வெட்டணும்."

"சரி."

"பழைய வண்டிக்காரங்க கிளப்புல கேட்டனுங்க. ஒருத்தர் பழசைத் தவிர எதை வெச்சாலும் வண்டிக்கு மரியாதை போயிரும்ங்கறார். இன்னொருத்தர் முகம் பழசா இருந்தாப் போதும், உள்ள யாரு பாக்கப் போறாங்கறார். என் மருமகன், திரை இல்லாதது ஒரு வண்டியா மாமாங்கறான்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

சென்னியப்பன் யோசிக்கவேயில்லை.

"சத்தம் நல்லா இருக்கணும். நாலு மூலைக்கும் ஸ்பீக்கர். சீட்டுக்கு அடியில ஒரு ஆம்ப்ளிஃபயர். கதவைச் சாத்துனா உள்ள பாட்டைத் தவிர வேற ஒண்ணும் கேக்கக் கூடாது."

"வேற ஒண்ணும்?"

"ஒண்ணுமே."

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாவியக் குடுங்க" என்றார்.

*

மாஸ்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சென்னியப்பனை இடதுபக்கம் உட்காரச் சொன்னார்.

தன் வண்டியில் அவர் இடதுபக்கம் உட்கார்ந்ததே கிடையாது. அந்த இருக்கைக்கு மட்டும் அவர் இரண்டு முறை உறை மாற்றியிருந்தார். பஞ்சு மெத்தென்று இல்லை என்று ஒருதரம், தையல் உறுத்துகிறது என்று ஒருதரம்.

வண்டி குளக்கரைச் சாலைக்கு வந்தது.

மாஸ்டர் எதுவும் பேசவில்லை.

"இந்தக் கதவுல லேசா ஒரு ஆட்டம் கேக்குதுங்க" என்றார் சென்னியப்பன்.

மாஸ்டர் வண்டியைத் திருப்பினார். பட்டறையில் இறங்கி, கதவின் ரப்பர் பீடிங்கைக் காட்டினார். சென்னியப்பன் அதை மாற்றினார். மதியமாகிவிட்டது.

மறுபடியும் கிளம்பினார்கள்.

"பின்னால ஏதோ உருளற மாதிரி இருக்கு."

திரும்பினார்கள். டிக்கியில் ஒரு ஸ்பேனர் கிடந்தது. எடுத்து வைத்தார்.

மறுபடியும் கிளம்பினார்கள். இப்போது கதவு ஆடவில்லை. பின்னால் எதுவும் உருளவில்லை. இன்ஜின் ஒரே சீராக ஓடியது. குளத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"என்ன கேக்குதுங்கண்ணா?"

"ஒண்ணும் கேக்கலை."

மாஸ்டர் தலையசைத்தார். அதோடு சரி. கண் சாலையில் இருந்தது.

சென்னியப்பன் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார். ஏற்றினார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"மாஸ்டர், ஏதாவது பேசுங்க."

மாஸ்டர் பேசவில்லை.

"இப்படி வர முடியாதுங்க. பேசுங்க."

மாஸ்டர் கியரை மாற்றினார்.

"இப்படித்தான் இருக்கும்" என்றார் சென்னியப்பன்.

"எது?"

"அவளைக் கூட்டிட்டுப் போனா."

மாஸ்டர் வண்டியை ஓரமாக ஒரு புங்கமரத்தடியில் நிறுத்தினார்.

*

சென்னியப்பனின் மனைவி மயிலாத்தாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். மைதானத்தில் அவளுக்கு விசில் தேவைப்பட்டதில்லை. இந்த மூலையில் நின்று கூப்பிட்டால் அந்த மூலையில் ஓடுகிற பெண் நின்றுவிடும்.

கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. குரல் மட்டும் வேறாகத் திரும்பி வந்தது. கனத்து, கரகரத்து, யாரோ ஒரு ஆணின் குரல் போல இருந்தது.

"பேசிப் பேசித்தான் பழகணும்மா. விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

அவளும் பேசினாள். ஒருநாள் வரைக்கும்.

அன்றைக்குப் போன் வந்தது. எடுத்தது அவள்தான். அவளிடம் படித்த பெண் ஒருத்தி. கல்யாணத்துக்கு அழைக்கக் கூப்பிட்டிருந்தாள்.

"சார், டீச்சர் இருக்காங்களா?"

மயிலாத்தாள் போனை சென்னியப்பன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. கடைக்குப் போகவில்லை. தங்கச்சி வந்தால்கூடத் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டில் ஏதாவது வேண்டுமென்றால் விரல் முட்டியால் எதையாவது தட்டுவாள். மேஜையை, கதவை, அடுப்பு மேடையை.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது.

"எங்க வீட்டுல எந்நேரமும் டிவி ஓடிட்டே இருக்குமுங்க" என்றார் சென்னியப்பன். "நான் பாக்கறதில்லை. அவளும் பாக்கறதில்லை. நிறுத்துனா வீடு அப்படியே அமுக்குது. கல்யாணமான புதுசுல வாங்குன வண்டி இது. இதுலயாவது அவளை வெளிய கூட்டிட்டுப் போகலாம்னு பாத்தேன். கூட்டிட்டுப் போயி, இத்தனூண்டு வண்டிக்குள்ள ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருந்தா?"

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தான் நாலு ஸ்பீக்கர்" என்றார் சென்னியப்பன்.

*

பட்டறைக்குத் திரும்பியதும் மாஸ்டர் நேராக மேஜைக்குப் போனார். மூன்று ரேடியோக்களையும் எடுத்து இரும்பு பீரோவில் வைத்தார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி முடிஞ்சுதுங்கண்ணா. எடுத்துட்டுப் போங்க."

"ரேடியோ?"

"ரெண்டு பேருமா வந்து வாங்கிக்கங்க."

"அவ வர மாட்டா."

மாஸ்டர் அடுத்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டார்.

"நான் இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் இப்படிச் செஞ்சா எப்படிங்க மாஸ்டர்?"

ஸ்பேனர் திரும்பியது.

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தார். மாஸ்டரை அவர் மனதுக்குள் 'இவள்' என்றது அதுதான் முதல்தடவை. வண்டியில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினார். நல்ல பீடிங். சத்தமே வரவில்லை.

*

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. எப்படி அழைப்பதென்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மயிலாத்தாள் தானாகவே கேட் பக்கம் வந்து நின்றாள்.

வண்டியைச் சுற்றி வந்தாள். இளநீலத்தைத் தொட்டாள். இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். டேஷ்போர்டின் நடுவில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"ரேடியோ இன்னும் வைக்கலை" என்றார். "சும்மா ஒரு எட்டு, போயிட்டு வரலாமா?"

அவள் பதிலுக்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

சென்னியப்பன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மயிலாத்தாள் சேலை மாற்றியிருந்தாள். உட்கார்ந்து, இருக்கையை ஒருதரம் அழுத்திப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடிக் கூட்டை அந்தச் செவ்வக ஓட்டைக்குள் செருகினாள். அளவெடுத்த மாதிரி உள்ளே போனது.

அவர் வண்டியை எடுத்தார்.

*

பேரூர் தாண்டி சிறுவாணி சாலையில் போனார்கள்.

இருபக்கமும் பாக்குத் தோப்பு. எதிரே மலை, மேலே மேகம் இறங்கியிருந்தது. யாரும் பேசவில்லை. சென்னியப்பன் மூச்சுவிடுவது அவருக்கே கேட்டது.

டக். டக்.

காதைக் கூர்மையாக்கினார். முன்பக்கம் எங்கேயோ.

வேகத்தைக் குறைத்தார். சத்தம் நின்றது. மறுபடியும் வேகமெடுத்தார்.

டக். டக். டக்.

"எங்கயோ நட்டு லூசா இருக்கு" என்றார்.

ஓரம் கட்டினார். பானட்டைத் திறந்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தது. கிளம்பினார்.

டக். டக். டக். டக்.

மறுபடியும் நிறுத்தினார். இந்தமுறை ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே குனிந்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தார். வயர்களை விலக்கினார்.

"இதுக்குத்தான் இத்தனை நாள் பாடுபட்டது. ரேடியோவும் இல்லை, இப்ப இது வேற. இந்தப் பக்கந்தான் எங்கயோ தட்டுது. என்னன்னே பிடிபட மாட்டேங்குது."

"அது நானுங்க."

சென்னியப்பன் அசையவில்லை. தலை அடியிலேயே இருந்தது. கையில் ஒரு சிவப்பு வயர் இருந்தது.

கனத்த குரல். கரகரத்த குரல்.

"கதவத் தட்டிட்டே வாறேன். இளநிக் கடை எப்பவோ தாண்டியாச்சு. நீங்க பாட்டுக்குப் பானட்டத் தெறக்கறீங்க."

அவர் அவசரமாக எழுந்தார். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் தலை இடித்தது.

"ஐயோ" என்றார்.

மயிலாத்தாள் சிரித்தாள். சிரிப்பும் கரகரவென்றுதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயும் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

சென்னியப்பன் தலையைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"வண்டியத் திருப்புங்க" என்றாள் அவள். "தொண்டை காயுது."

*

இளநீர்க்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு குலையிலிருந்து காய் அறுத்துக்கொண்டிருந்தார்.

மயிலாத்தாள் வண்டிக்குள்ளிருந்தே கேட்டாள்.

"இளநி வழுக்கையா இருக்குதா?"

அவர் திரும்பாமலே பதில் சொன்னார்.

"இருக்குதுங்க சார். எத்தனை வெட்டட்டும்?"

சென்னியப்பனின் கை சாவிக்குப் போனது. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்துவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் பார்க்கப் பயமாக இருந்தது.

மயிலாத்தாள் கதவைத் திறந்து இறங்கினாள். நடந்து போய் இளநீர்க்காரருக்கு முன்னால் நின்றாள்.

"சார் இல்லப்பா. டீச்சர்."

அவர் அரிவாளோடு நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர், பாக்கலை. ரெண்டு வெட்டட்டுங்களா?"

"வெட்டு. தண்ணி நெறைய இருக்கறதாப் பாத்து வெட்டு. அந்த ஓரத்துல இருக்கறது வேண்டாம், அது முத்தல்."

"உங்களை ஏமாத்த முடியாதுங்க டீச்சர்" என்று அவர் வேறு காயை எடுத்தார்.

அவள் குடித்து முடித்து, காயைப் பிளக்கச் சொல்லி வழுக்கையையும் தின்றாள். தின்றுகொண்டே அந்த ஆளின் ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டாள். பெண் பிள்ளை கபடி ஆடுகிறாள் என்று அவர் சொன்னதும், எந்தப் பள்ளிக்கூடம், யார் பழக்குவது, காலில் என்ன போட்டுக்கொண்டு ஆடுகிறாள் என்று விசாரணை நீண்டது.

சென்னியப்பன் வண்டியில் சாய்ந்து நின்றார். அவருடைய இளநீர் கையிலேயே இருந்தது. ஏதோ ஒன்று தோளிலிருந்து இறங்கிப் போனதை உடம்பு உணர்ந்தது. தூக்கம் வருகிற மாதிரிகூட இருந்தது.

திரும்பி வரும்போது அவள் பேசிக்கொண்டே வந்தாள். தங்கச்சியைப் பற்றி. பெயர் தெரியாத அந்தப் பெண் பிள்ளையின் முட்டியைப் பற்றி. அவர் கிளட்சை மிதிக்கிற விதத்தைப் பற்றி. நடுநடுவே குரல் அடைத்துக்கொண்டது. இருமினாள். மறுபடியும் பேசினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைப் போடச் சென்னியப்பனுக்கு ஞாபகமே வரவில்லை.

*

மறுநாள் காலை இருவரும் பட்டறைக்குப் போனார்கள்.

மாஸ்டர் ஒரு இன்ஜினுக்கு அடியில் இருந்தார். போல்ட்டை முடித்துவிட்டு வெளியே வந்தார். மயிலாத்தாளைப் பார்த்தார்.

"வாங்கக்கா."

"வாறேங்க மாஸ்டர். இவரு உங்களைப் பத்தி வழி நெடுகச் சொல்லிட்டே வந்தாரு."

அந்தக் குரலைக் கேட்டு மாஸ்டரின் முகம் மாறவில்லை. வந்தவரை வரவேற்கிற சிரிப்புதான் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். மூன்று ரேடியோக்களையும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நேத்து உங்க மேல கோவமா இருந்தேன் மாஸ்டர்."

"தெரியுமுங்கண்ணா. கதவைச் சாத்துனீங்களே."

"சத்தம் வரலையே."

"அதான் தெரிஞ்சுது. சத்தம் வருதான்னு திரும்பிப் பாத்தீங்க."

பிறகு மாஸ்டர் மயிலாத்தாள் பக்கம் திரும்பினார்.

"இதுல எதுங்கக்கா வைக்கலாம்?"

மயிலாத்தாள் பழைய ரேடியோவைக் கையில் எடுத்தாள்.

"இது வீட்டு அலமாரியில இருக்கட்டும். பாவம், இதுக்கு ஓய்வு குடுங்க."

பெரிய திரையைப் பார்த்தாள்.

"இதுக்காக வண்டிய வெட்டறதா? ஒண்ணும் வேண்டாம்."

முகம் பழசாகவும் உள்ளே புதுசாகவும் இருந்ததன் குமிழைத் திருகிப் பார்த்தாள். நல்ல பிடிமானம் இருந்தது.

"இது" என்றாள்.

சென்னியப்பன் ஓரடி முன்னால் வந்தார். நேற்றிலிருந்து அவர் இதைத்தான் யோசித்து வைத்திருந்தார்.

"மாஸ்டர், நேத்து நான் சொன்ன நாலு ஸ்பீக்கர் வேண்டாமுங்க. ஆம்ப்ளிஃபயரும் வேண்டாம். சின்னதா ஒரே ஒரு ஸ்பீக்கர் போதும். மெதுவாப் பாடுனாச் சரி. இவ பேசறது எனக்குக் கேக்கணும்."

மாஸ்டர் மயிலாத்தாளைப் பார்த்தார்.

"அவரு கெடக்கறாருங்க" என்றாள் மயிலாத்தாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். பட்டறையில் வேலையாக இருந்தவர்கள் யார் குரலென்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"நாலு ஸ்பீக்கரும் வைங்க மாஸ்டர். எத்தனை சத்தமா வேணும்னாலும் பாடட்டும்" என்றாள்.

"நான் அதுக்கு மேல பேசிக்கறேன்."